ஒரு சாண் உயரத்துக்கு ஒரு முனைவர் பட்டம்

காஜாம்மா தன் அறுபத்தோராம் வயதில், ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு முதன்முதலாகப் பாடினாள். படுக்கையில் கிடந்த அவள் கணவர் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பினார். அவர் இறங்குவதற்குள் அவள் நனைந்த விரிப்பை உருவிவிட்டு வேறொன்றைப் போட்டு, நான்கு மூலையையும் மெத்தைக்கு அடியில் சொருகி முடித்திருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குக் கீழே விரிப்பு மாற்ற இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் புரட்டிப் பிடிக்க, இன்னொருவர் உருவ. அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். பிள்ளைகள் இருந்தார்கள், தொலைபேசியில் மிகவும் அன்பாக இருந்தார்கள். ஆகவே நடந்ததைப் பார்த்து வாய்பிளந்து நிற்க அவளுக்கு நேரமில்லை. துவைக்க வேண்டிய துணி வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.

கணவர் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர். ஓய்வுக்கு ஏழு வாரம் இருக்கும்போது இரும்பு ஏணியில் வழுக்கி முதுகெலும்பை ஒடித்துக்கொண்டார். தூக்குவதே தொழிலாக இருந்தவர் என்பதால், தன்னைத் தூக்கியதில் அவர் கண்ட குறை ஒன்றே ஒன்று. "இடப்பக்கம் ரெண்டு விரல் தாழ்வா இருக்கும்மா. நாளைக்கு மூச்சை நல்லா இழுத்துட்டு, சமமா தூக்கு." மறுநாள் சமமாகத் தூக்கினாள். முதுகில் காற்றுப் பட்ட சுகத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். படுக்கைப் புண் மூன்று வாரத்தில் ஆறியது.

அதுவரை அவள் பாடாததற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. சீருடை தைக்கும் கம்பெனியில் முப்பத்தாறு வருடம் சட்டைகளுக்குப் பொத்தான் துளை, அதாவது காஜா, எடுத்துக்கொண்டிருந்தாள். பெயரே அதனால் வந்ததுதான். எண்பது மெஷின் ஓடும் கொட்டகையில் தனக்கும் ஒரு குரல் இருப்பது அவளுக்கே கேட்டதில்லை. பாட்டுக்கு வார்த்தையும் கிடையாது. தையல் எண்ணும்போது உதட்டுக்குள் ஓடிய ஓர் இழுவை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி, தான் எழும்பி அலமாரிக்கு மேலே ஒட்டடை அடிக்க, அவளைப் பாடக் கூப்பிட்டாள். பிறகு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா வந்து, செவ்வாய்க்கிழமைதோறும் முதுகு ஒடிந்தோர் வார்டில் பாடச் சொன்னாள். இருபத்திரண்டு நோயாளிகள் ஒரே நேரத்தில் எழும்ப, ஆயாக்கள் இருபத்திரண்டு விரிப்பையும் ஆறு நிமிடத்தில் மாற்றினார்கள். பிறகு ஊரின் பெரிய அரங்கம் கூப்பிட்டது. மின்விசிறிகளை நிறுத்திவைத்தார்கள், செருப்புகளை வாசலிலேயே வாங்கிவைத்தார்கள், எழும்பியவர்கள் பிறர் தோள்மீது கால் ஊன்றக் கூடாது என்று பலகை மாட்டினார்கள். முதல் வரிசைப் பிரமுகர்கள் மட்டும் எப்போதும் தரையிலேயே இருந்தார்கள். அதனால் யாருக்கும் மேடை மறைக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தவள் நர்ஸம்மா. பாட்டைக் கேட்டுக்கொண்டே, அதைப் பற்றி என்ன சொல்லலாம் என்று உள்ளுக்குள் தயாரிப்பவர்கள் எழும்புவதில்லை.

இப்படி நாலு வருடம் போனதும், பல்கலைக்கழகம் அவளுக்குக் கௌரவ முனைவர் பட்டம் தரலாமா என்று ஆராய ஐந்து பேர் கொண்ட குழுவை அமைத்தது. தலைவரை எல்லோரும் முன்னுரையார் என்றார்கள். எழுபத்திரண்டு நூல்களுக்கு முன்னுரை எழுதியவர். எழுபத்து மூன்றாவதைத் தானே எழுதுவதாக இருபது வருடமாகச் சொல்லிவந்தார். விதியோ, ஒரே துறையில் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத பங்களிப்பு வேண்டும் என்றது. அவளுக்கு இருந்தது நாலு. மீதி இருபத்தாறு வருடம் பொறுத்திருக்கலாமே, அவசரம் என்ன என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அம்மாவுக்குத் தொண்ணூற்றொன்று ஆகிவிடுமே என்றார் இன்னொருவர். அப்படியானால் விருதுக்கு இன்னும் கனம் கூடும் என்றார் முதலாமவர்.

நேரில் கேட்டுவிடுவது என்று முடிவாகி, அவளை அழைத்துப் பாடச் சொன்னார்கள். ஐந்து பேரும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, கேட்டு, ஆளுக்கொரு கருத்தைத் தயாரித்தார்கள். தேநீர் கொண்டுவந்தவர் தட்டோடு மூன்றடி எழும்பினார். மூலையில் கூட்டக் குறிப்பு எழுதும் பெண், எழும்பிய இடத்திலிருந்தே விடாமல் எழுதினாள்: குழுவினர் ஐவரும் தரையில்; பணியாளர் இருவர் சுமார் மூன்றடியில். முன்னுரையார் அதை அடிக்கச் சொன்னார். தகுதியுள்ள எவரும் எழும்பாததால் எழும்புதல் நிறுவப்படவில்லை என்று எழுதச் சொன்னார். ஆனாலும் அரங்கம் நிரம்பும் பெயர் ஒன்று அந்த வருடப் பட்டமளிப்பு விழாவுக்கு அவசியமாக இருந்தது. ஆகவே ஒரு வழி செய்தார்கள். வருடம் குறைந்ததைக் கோட்பாட்டால் ஈடுகட்டுவது. அவள் பாட்டை விளக்கி முன்னுரையார் நாற்பத்தொரு பக்க அறிக்கை எழுதினார்; அதை அவள் மனப்பாடம் செய்து, விழாவில் அரைமணி நேர ஏற்புரையாகச் சொல்லிவிட்டால் பட்டம் உறுதி.

ஒளிப்பானேன், அவளுக்கும் ஆசை இருந்தது. முப்பத்தாறு வருடம் ஊரார் சட்டைக்கெல்லாம் துளை போட்டவளின் பெயரை ஒருநாள் ஒலிபெருக்கியில் யாராவது வாசித்தால் என்ன குறைந்துவிடும்? புதுச் செருப்பு வாங்கினாள். அடுப்படியில் அறிக்கையைச் சாய்த்துவைத்து ஒரு வாரத்தில் முப்பது பக்கம் ஏற்றிக்கொண்டாள். தன் நாபியில் நாதம் எப்படிக் குவிகிறது, எத்தனாவது இழுவையில் வெளி எப்படி விரிகிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. எட்டாம் நாள் காலை விரிப்பு மாற்றப் பாடினாள். இப்போது குவிகிறதா, இது எத்தனாவது இழுவை என்று பாட்டோடு பாட்டாக நினைப்பும் ஓடியது. கணவர் இரண்டு விரற்கடை எழும்பி, பொத்தென்று விழுந்தார்.

"என்னம்மா, சங்கிலி வழுக்குது?"

"தெரியலைங்க. பதினேழாம் பக்கம் மாதிரியேதான் பாடினேன்."

"பதினேழாம் பக்கமா! நீ என்னைத் தூக்குறியா, பரீட்சை எழுதுறியா?"

மறுநாள் ஒரு விரற்கடை. அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து புரட்டிப் பிடித்தாள், ஆனால் அவளும் வேலைக்குப் போகவேண்டுமே, மதியம் விரிப்பு நனைந்தால் சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் இடுப்புக்கு மேலே பழைய புண் வாய் திறந்தது. காஜாம்மா புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராகப் பல்கலைக்கழகம் போய், பட்டம் வேண்டாம் என்றாள்.

முன்னுரையார் பதறிவிட்டார். "அழைப்பிதழ் அச்சாயிடுச்சும்மா. வேண்டாம்னு சொல்றதுக்கு விதியே கிடையாது."

"எடுத்துக்கிட்டா அவர் முதுகு போயிடும், சார்."

"முதுகு எங்க வரம்புக்குள்ள வராது," என்றார் அவர், வருத்தத்தோடுதான்.

வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். கிரேன்காரர் விட்டத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "ஏம்மா, பாடினது நீ. சரி. நாலு வருஷமா தினம் மேல போய், பார்த்து, இறங்கி, குறை சொன்னது யாரு? ஆராய்ச்சி பண்ணினவனுக்குத்தானே பட்டம்? என் பேர்ல வாங்கு. அந்தப் பேச்சையும் நானே பேசிடறேன். பேசறதுக்கு முதுகு எதுக்கு?"

அவள் அதைத் தயங்கித் தயங்கித்தான் போய்ச் சொன்னாள். குறிப்பெழுதும் பெண் துறைமுகச் சான்றிதழ் இருந்தால் கொண்டுவரச் சொன்னாள். அதைப் பார்த்ததும் குழுவின் முகம் மலர்ந்தது. தூக்குதல் துறையில் முப்பத்தொரு ஆண்டு, முத்திரையுடன். காஜாம்மாவிடம் இல்லாத இருபத்தாறு வருடமும், அதற்கு மேல் ஐந்தும், இவரிடம் எழுத்தில் இருந்தது. தகுதியைப் பற்றி ஐந்து வாரம் நீடித்த விவாதம் நாலு நிமிடத்தில் முடிந்தது. அழைப்பிதழில் பெயருக்கு மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினார்கள்.

விழா மேடைக்கு அவரைச் சக்கரக் கட்டிலில் தள்ளிவந்து, கறுப்பு அங்கியைப் போர்த்திவிட்டார்கள். காஜாம்மா தலைமாட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் பெயரை யாரும் வாசிக்கவில்லை; அது அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கிரேன்காரர் பேச ஆரம்பித்ததும் அவள் அதை மறந்துவிட்டாள். நாபியாவது குவிவதாவது, இது கம்பியும் கப்பியும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று தொடங்கினார். என் பெண்டாட்டியின் தொண்டையில் இரண்டரை டன் தாங்கும் கொக்கி இருக்கிறது, அதற்கு வாரம் ஒருமுறை எண்ணெய் போடவேண்டும், காப்பியே அந்த எண்ணெய் என்றார். நாற்பத்தொரு பக்கத்துக்கும் பக்கத்துக்கொரு பொய்யாக, அத்தனையும் முழு நம்பிக்கையோடு சொன்னார். காஜாம்மா முதலில் புன்னகைத்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அரைமணி நேரம் முடிந்தபோது அவள் தலையில் முன்னுரையாரின் ஒரு வரிகூட மிச்சமில்லை.

அந்த நேரம் பார்த்து விரிப்பு நனைந்தது. குறிப்பெழுதும் பெண் குனிந்து காதில் சொன்னாள். காஜாம்மா பையிலிருந்து மாற்று விரிப்பை எடுத்துக்கொண்டு, ஆயிரம் பேருக்கு முன்னால், வீட்டில் பாடுவதுபோலப் பாடினாள். முனைவர் கிரேன்காரர் அங்கியோடு ஒரு சாண் எழும்பினார், சமமாக. பின்வரிசைகள் எழும்பின. பட்டச் சுருள் கட்டிலிலிருந்து உருள, அதைப் பிடிக்கப் பாய்ந்த முன்னுரையார், அந்த ஒரு கணம் எந்தக் கருத்தும் தயாரிக்காததால், தரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றார். குனிந்து பார்த்தார். இதைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்தார். உடனே கால் தரையில் பட்டது. அவள் அதற்குள் நாலு மூலையையும் சொருகிவிட்டாள்.

புண் ஒரு மாதத்தில் ஆறியது. அந்த வீட்டுக்குத் தபாலெல்லாம் முனைவர் என்றே வருகிறது. நர்ஸம்மாவும் அவரை வாய் நிறைய அப்படித்தான் கூப்பிடுகிறாள். அங்கியைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. காஜாம்மா அதைப் புரட்டிப் பார்த்தாள். மேல்துணி மட்டரகம், காஜா கோணல், ஆனால் உள்ளே வழவழவென்று நல்ல சாட்டின். அதைப் பிரித்து, ஓரம் அடித்து, மெத்தைக்கு மேலே குறுக்காகப் போட்டிருக்கிறாள். அவளுக்குத் தொண்டை கட்டிய நாட்களில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அவர் வழுக்கிக்கொண்டு தானே புரண்டுவிடுகிறார். பாட்டளவுக்கு இல்லை. ஆனாலும் பட்டம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.