ஊதாக் கோடு

பூவாயியின் கழுத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் போட்டிருந்த ஊதாக் கோட்டைக் காணோம். தொண்டைப் புற்றுக்கு எந்த இடத்தில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கோடுதான் அடையாளம். அதில் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று மகள் ஆதிலட்சுமி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இன்றைக்கு அதன்மேல் பச்சிலை விழுது அப்பியிருந்தது. அவள் தம்பி தெய்வசிகாமணி மேட்டுப்பாளையத்து வைத்தியரிடம் வாங்கி வந்தது.

ஆதிலட்சுமிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "யாரக் கேட்டுடா பூசின? கோடு இல்லன்னா இன்னிக்கு எப்படிக் கரண்டு வைப்பாங்க? மில்லுல நூல் சுத்தறவன் எப்படா டாக்டரான?"

"எரிச்சல் அடங்கும்னாருக்கா."

"எரிச்சலாம். அம்மாவக் கொன்னுட்டுதான் நீ அடங்குவ."

விழுதுக் கிண்ணத்தைப் பிடுங்கி வாசலில் விட்டெறிந்தாள்.

உப்பளம் தெருக்களில் மீன் கூவி விற்ற பூவாயிக்கு இப்போது வெறும் காற்றுதான் குரலாக வந்தது.

"அவன ஏன்டி வையற? நான்தான் பூசச் சொன்னேன். கோடு இருக்குதான்னு தெனம் பாத்தியே, எரியுதாம்மான்னு ஒரு நாளாவது கேட்டியாடி?"