இரண்டு தொட்டி, ஒரு ஈ

கழிவுநீர் உறிஞ்சும் லாரியில் பதினெட்டு வருஷமாகக் குழாய் பிடிக்கிறவருக்கு மூக்கு இருந்தது. ஆனால் அதற்கு வேலை இல்லாமல் போயிருந்தது. வீட்டில் எங்கே எது நாறினாலும் மனைவி முதலில் அவரைத்தான் குளிக்க அனுப்புவாள்.

அன்றும் அனுப்பினாள். மூன்றாம் முறை.

"சோப்பே கரைஞ்சு போச்சுடி!"

"உங்க நாத்தம் கரையலையே! மூணு நாளா செத்த எலி மாதிரி வருது. லாரியையே உள்ள கொண்டாந்துட்டீங்களா?"

அவர் மறுபடியும் துண்டை எடுத்தார். நாறுவது பின்பக்க ஜன்னலில் இருக்கும் இரண்டு தொட்டிகள் என்று சொன்னால், அடுத்த நிமிஷம் அவை குப்பையில் கிடக்கும். சரளைக்கல்லில் பாதி புதைந்த கிழங்கு, அதன் தலையில் நாலு தடித்த பச்சை விரல்கள், அவ்வளவுதான் செடி. மழை பட்டால் அழுகிவிடும் என்று ஐந்து வருஷமாக வீட்டுக்குள் வளர்க்கிறார். ஒன்றின் மகரந்தம் மற்றதுக்குப் போனால்தான் காய் பிடிக்கும். இதுவரை ஒன்று பூத்தால் மற்றது பூக்காது. இப்போதுதான் இரண்டும் சேர்ந்து பூத்திருந்தன: காய்ந்த ரத்த நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவில். நாளைக்கு வாடிவிடும். அவருடைய முரட்டு விரல் அந்தப் பூவின் இடுக்கில் நுழையாது. அந்த நாற்றத்தைத் தேடி ஈதான் வரவேண்டும்.

மனைவியோ ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருந்தாள். தப்பி வருகிற ஈயை மட்டையால் தீர்த்துக்கட்டுவாள்.

அதனால் காலையிலேயே வலையின் ஒரு மூலையைப் பிளேடால் கிழித்து வைத்திருந்தார். நாற்றத்தின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு குளித்தார்.

துண்டோடு வெளியே வந்தால், மனைவி ஈ மட்டையை ஓங்கிக்கொண்டு பின் ஜன்னல் முன் நிற்கிறாள். பூவின்மேல் ஒரு பச்சை ஈ.

"அடிக்காதடி! அவன்தான் கல்யாணத்த நடத்தி வைக்கிறவன்!"

மட்டை அந்தரத்தில் நின்றது. அவள் குனிந்து பூவை மோந்தாள், குமட்டியது. பிறகு புருஷனின் தோளை மோந்தாள்.

"சோப்பு வாசனைதான் வருது…" குரல் இறங்கியது. "அப்ப இத்தன வருஷமா உங்கள வீணா…"

"மூணு நாளாத்தான் இது. அதுக்கு முன்னால எல்லாம் நான்தான்."

ஈ காலை உரசிக்கொண்டு எழுந்தது; அடுத்த தொட்டியில் போய் உட்கார்ந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் நாற்றத்துக்கு, அவர் ஈக்கு.

மூன்று வாரத்தில் ஆட்டுக்குட்டிக்கு முளைத்த கொம்பு மாதிரி ஜோடிக் காய் எட்டிப் பார்த்தது. அன்று சாயங்காலம் அவர் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். மனைவி மூக்கைச் சுளித்தாள். ஆனால் ஒன்றும் சொல்லாமல் நேரே பின் ஜன்னலுக்குப் போய், இரண்டு தொட்டியையும் நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பூ ஒண்ணுமில்ல," என்றாள். "போய்க் குளிங்க."