சித்தி வைத்த கஷாயம்

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒருநாள் பாடத்தின் நடுவே தன் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கப் போனார், கால் எழும்பவில்லை. கார் ஒரு கடையின் இரும்புக் கதவில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. செய்தி கேட்டதும் மகளுக்குச் சித்தியின் முகம்தான் கண்முன் வந்தது.

அம்மா போன பிறகு அப்பா கட்டிக்கொண்டவள் சித்தி. காலையில் அவருக்கு ஏதோ கஷாயம் வைத்துக் கொடுப்பாள். அதில் என்னவென்று கேட்டால், வீட்டில் இருப்பதுதான் என்று மழுப்புவாள். அவள் வந்த பிறகுதான் அப்பாவுக்கு முகம் ஊதியது, படி ஏறினால் கால் துவண்டது. வீடோ அப்பா பெயரில்.

சித்தி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, மகள் கஷாயப் பாத்திரத்தின் அடியில் மிஞ்சியிருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டாள். அப்பாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போய், டாக்டர் அறையில் அதை மேசைமேல் வைத்தாள்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கம், பொட்டாசியம் ரொம்பக் குறைவு என்றார் டாக்டர். பாட்டிலில் என்ன என்று கேட்டார்.

"சுக்கும் மிளகும்தான்," என்றாள் சித்தி.

"வேற ஒண்ணுமே இல்லையா?" என்றாள் மகள்.

டாக்டர் அப்பா பக்கம் திரும்பி, வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அவர் யோசித்து, சட்டைப்பையிலிருந்து ஒரு வேர்த்துண்டை எடுத்தார். அதிமதுரம்.

"சிகரெட்ட விட்டதிலிருந்து மெல்லுறேன். நாள் முழுக்கக் கத்துற தொண்டைக்கும் இதமா இருக்கு. வெறும் வேர்தானே, இது மருந்தா?"

இருமலுக்கும் தொண்டைக்கும் காலங்காலமாகப் பயன்படுவதுதான், தப்பில்லை என்றார் டாக்டர். ஆனால் மாதக்கணக்கில் ஓயாமல் மென்றால் உடம்பு உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். அழுத்தம் ஏறும், தசை தளரும், இதயத் துடிப்பே தடுமாறலாம். அன்றே அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வராந்தாவில் மகள் தலை குனிந்து நின்றாள்.

"நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே சித்தி."

"நீ கேக்கல. விசாரிச்ச."

வேரை விட்ட சில வாரங்களில் அப்பாவின் கால் தேறியது. மறுபடி வேலைக்குப் போனார். பிறகொரு மாலை மகள் வந்தபோது சித்தி இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள். இரண்டையும் மகள் பக்கம் நகர்த்தினாள்.

"எது வேணுமோ நீயே எடுத்துக்கோ."

மகள் அருகில் இருந்ததை எடுத்தாள். சூடு ஆறுமுன் குடித்தாள், நாக்கு சுட்டது.