பிணம் எடுத்த படம்

"நீ செத்துப்பூட்டா உன்னப் பத்தி இன்னான்னும்மா பாடறது?" என்று பீம்ராவ் செங்கொடியைக் கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. காத்திவாக்கம் கடற்கரையில் சனி, ஞாயிறு இசைவிழா. ஞாயிறு மாலை மேடையேறிய கானா பாடகர் பீம்ராவுக்குத் தொண்டையே திறக்கவில்லை. இத்தனை காலமும் சாவு வீட்டில் மட்டுமே பாடியவர். எதிரே பிணம் இல்லாமல் யாரைப் பார்த்துப் பாடுவது என்றார்.

விழா நடத்திய வேலப்பன் ஆள் தேடினார். விடிந்தால் கடலுக்குப் போகிறவர்கள் எவரும் பிணமாக உட்கார இசையவில்லை. மேடையோரம் கேமராவோடு நின்ற செங்கொடிக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. வகுப்பில் எழுந்து பேசச் சொன்னார்கள் என்றே பள்ளிக்கூடத்தை விட்டவள். தவிர, டோல்கேட் போட்டோ ஸ்டுடியோக்காரர் ரகுபதி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கேசட் அட்டைக்கு, பீம்ராவ் வாய் திறந்து பாடும் படம் வேண்டும். கொண்டுவந்தால் இனி கேமரா அவள் கையில். இல்லாவிட்டால் பழையபடி இருட்டறையில் பிரிண்ட் கழுவ வேண்டியதுதான். பீம்ராவோ கேமராவைக் கண்டால் கல்யாண போட்டோவுக்கு நிற்பவர்போல வாயை மூடி விறைத்துக்கொள்வார்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, தாடைக்குத் துணியும் கட்டிவிட்டார்கள். கேமரா மாலைக்கு அடியில் இருந்தது.

பீம்ராவ் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பாட்டிலேயே செங்கொடிக்கு ஹார்பரில் கிரேன் ஓட்டும் புருஷனைக் கொடுத்தார். நாலு பிள்ளைகளைக் கொடுத்தார். கடைசிக்குப் பால்குடி மறக்கவில்லை. இறால் விற்றுவிட்டுப் பாட்டுக் கேட்க வந்த மங்கம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பொண்டாட்டி பிணமாகிக் கிடக்க, அந்தக் கிரேன்காரன் எங்கே போனான் என்று இரண்டு பேர் தேடவே கிளம்பிவிட்டார்கள்.

பீம்ராவ் முகத்தில் நிழல் விழுந்தது. செங்கொடி தாடைத் துணியைத் தளர்த்தினாள்.

"நைனா, கொஞ்சம் லைட்டாண்ட திரும்பு."

அவ்வளவு பேர் நடுவில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. செத்தவர் ஆசையை மறுக்கலாமா? பீம்ராவ் பாட்டை நிறுத்தாமல் திரும்பினார். அண்ணாக்கு வரை வாய் திறந்திருந்தது. ஃப்ளாஷ் அடித்தது.

"பொணம் போட்டோ புடிக்குதுடி," என்றாள் மங்கம்மா, அழுகையை விடாமல்.

பாட்டும் முடிந்தது, ஃபிலிமும் முடிந்தது. செங்கொடி மாலையோடு எழுந்து கைகூப்பினாள். வேலப்பன் பாடகருக்குப் போர்த்தப் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தார். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. பீம்ராவ் டோலக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், மணலில் இறங்கி நடந்தார்.