நாலாவது எலுமிச்சம்பழம்

மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், பத்மாசினி அதைக் கண்டுபிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். விளக்குமாற்று நுனியில் ஏதோ தட்டுப்படக் குனிந்து பார்த்தவள், விளக்குமாற்றை அங்கேயே போட்டுவிட்டு வந்து தம்பியை உலுக்கினாள்.

"ஜனகா, எந்திரி. சத்தம் காட்டாம வா."

ஜனகராஜ் போய்ப் பார்த்தான். ஒரு எலுமிச்சம்பழம். அதில் இரும்பு ஆணி ஒன்று இறங்கியிருந்தது. ஆணிக்கு எதிர்ப்பக்கம் சுருட்டிய செப்புக் கம்பி. பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளரில் ரத்தச் சிவப்பாகத் தண்ணீர். டம்ளரின் விளிம்பையொட்டிப் பொடி எழுத்தில் பெயர் வெட்டியிருந்தது: ஸ்வப்னா.

ஸ்வப்னா அவன் மனைவி. ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவள் ஒன்பதாம் நாள் போய்விட்டாள். ஏழு மாதம் ஆகிறது.

"ஆரத்தித் தண்ணி, ஆணி அடிச்ச பழம், செத்தவ பேரு போட்ட டம்ளரு. இன்னும் ஒனக்கு என்னடா வேணும்?" என்றாள் அக்கா. அவர்கள் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம்தான். அன்று அதையும் அவள் மாடிக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

மாடியில் குடியிருந்தவர் ஆரோக்கியம் டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவர், தனி ஆள். கைத்தறி நகரில் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். ஸ்வப்னா போனபின் அவர்களுடைய பத்து வயது மகள் இந்துப்ரியா பள்ளிவிட்டு வந்ததும் மாடிக்குத்தான் போவாள். ஜனகராஜ் கப்பலூர் வேலையிலிருந்து திரும்ப ஏழாகிவிடும். அதுவரை பிள்ளைக்குக் காவல், பாடம், சில நாள் தோசை, எல்லாம் டீச்சர்தான்.

இந்த ஏற்பாடு பத்மாசினிக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையைப் பரமக்குடிக்கு அழைத்துப்போய்த் தன்னோடு வைத்துக்கொள்ளத்தான் இரண்டு வாரமாக வந்து உட்கார்ந்திருந்தாள். ஜனகராஜ் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தான். இனித் தள்ள முடியவில்லை.

"ஞாயித்துக்கெழம அஞ்சு மணி பஸ்ஸு. பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். நீ அவள வீட்ட விட்டுக் கெளப்பு."

அவள் டம்ளரைத் தொடப் பயந்து அங்கேயே விட்டாள்; பழத்தை மட்டும் முறத்தில் அள்ளி முச்சந்தியில் போட்டுவிட்டு, வாசல் நிலையில் புதிதாக ஓர் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டாள்.

ஜனகராஜுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆணிக்கும் போல்ட்டுக்கும் ஜிங்க் பூசிக் கொடுக்கும் சின்னக் கம்பெனியில் சூப்பர்வைசர். பகலெல்லாம் அமிலத் தொட்டியோரம் நிற்பவன். ஆனால் ஒன்பதே நாளில் ஒருத்தி எப்படிப் போவாள் என்று டாக்டர் சொன்ன பதில் அவனுக்குப் போதவில்லை. யாராவது செய்திருந்தால்? அந்த நினைப்பில் ஒரு கேவலமான ஆறுதல் இருந்தது. கோபப்படுவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிடும்.

அன்று கம்பெனியில் அவன் உட்கார்ந்து கோத்துப் பார்த்தான். போன வாரம் டீச்சர் படியிறங்கி வந்து, "சுண்ணாம்பு கொஞ்சம் கெடைக்குமா சார்?" என்று கேட்டது. வெற்றிலை போடாத அந்த அம்மாளுக்குச் சுண்ணாம்பு எதற்கு? அதற்கு முன்னால் ஒருநாள் பழைய ஆணி கேட்டது. அவன் பைக்கிலிருந்த செப்புக் கம்பிச் சுருள் காணாமல் போனது. இரண்டு மூன்று தடவை அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மேலே பேச்சு சட்டென்று நின்றது. ஒவ்வொன்றும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

இந்துவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிள்ளை பயந்துவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் மாடி ஏறினான். வாசலிலேயே நின்று, "டீச்சர், இந்த மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துக்கங்க" என்றான்.

டீச்சர் கையில் பாத்திரம் தேய்த்த சோப்பு நுரை. "என்ன சார், திடீர்னு?"

"பாப்பா பரமக்குடி போறா. இனிமே மேல வரமாட்டா."

"போகட்டும் சார். நாளைக்கு ஒரு நாள் மட்டும் அனுப்புங்க. அவ ஒண்ணு பாதியில விட்டிருக்கா."

"எத பாதியில?"

டீச்சர் சற்றுத் தயங்கினார். "அவளே சொல்லுவா. நான் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

பத்து வயதுப் பிள்ளைக்கும் இந்த அம்மாளுக்கும் நடுவில் என்ன வாக்கு? "ஒண்ணும் வேணாம்" என்று இறங்கிவிட்டான். அக்கா கீழே படியருகில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

ஞாயிறு மூன்றரை மணிக்குக் கரண்ட் போயிற்று. வைகாசி வெயில். பிள்ளையின் துணிமணி அடைத்த பை வாசலருகே தயாராக இருந்தது. அக்கா கூடத்தில் விசிறியோடு கண்ணசந்திருந்தாள். சுவரில் ஸ்வப்னாவின் போட்டோ. மாலைக்கு மேலே எப்போதும் எரியும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு அணைந்திருந்தது.

இந்துவைக் காணோம்.

அவன் செருப்பில்லாமல் மாடிப்படிக்குப் போனான். டிரம்முக்குப் பின்னால் பாவாடை நுனி தெரிந்தது. எட்டிப் பார்த்தான். தரையில் வரிசையாக மூன்று எலுமிச்சம்பழம், மூன்றிலும் ஆணி. பழத்துக்குப் பழம் செப்புக் கம்பி ஓடியது. பிள்ளை மண்டியிட்டு, கொலுவுக்குப் போடும் சீரியல் செட்டிலிருந்து பிய்த்த ஒரு பொடி எல்.இ.டி. பல்பைக் கம்பி முனைகளில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்து!"

"தொடாதப்பா, கம்பி கழண்டுரும்!"

"யாரு இத ஒனக்குச் சொல்லிக் குடுத்தது? டீச்சரா? எதுக்கு?"

"கரண்டுக்கு" என்றாள் பிள்ளை. "பழத்துப் புளிப்புலயும் ஆணியிலயும் கரண்டு வரும்பா. நெசமா. ஒரு பழத்துல கொஞ்சூண்டு. நெறைய சேத்தா பல்பு எரியும். ஒண்ண யாரோ எடுத்துட்டாங்க."

அவன் பக்கத்தில் இருந்த டம்ளரைக் காட்டினான். "அப்ப இது? இந்த செவப்புத் தண்ணி?"

"அது மஞ்சத்தூள். போன வாரத்துப் பாடம். சுண்ணாம்பு போட்டா செவக்கும். புளிப்பு விட்டா திரும்பிரும். பாக்குறியா?"

அவன் பதில் சொல்லுமுன் ஒரு பழத்தின் சாற்றை அவள் டம்ளருக்குள் பிழிந்தாள். சிவப்பு ஓரத்திலிருந்து வெளுத்தது. கண்முன்னாலேயே மொத்தமும் சாதாரண மஞ்சள் தண்ணீராயிற்று. மூன்று நாளாக அவன் தூங்காமல் கிடந்ததெல்லாம் நாலு சொட்டுப் புளிப்புக்குத் தாங்கவில்லை.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"எரிஞ்சப்பறம் சொல்லலாம்னு." அவள் பல்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கரண்டு போனா அம்மா இருட்டுல இருக்கா. அதான் கரண்டு வேணாத வெளக்கு ஒண்ணு டீச்சர்ட்ட கேட்டேன். அத்தை எண்ணெ வெளக்கு தொடக்கூடாதுங்குது. இன்னைக்கு பஸ்ஸுக்குள்ள செஞ்சு வச்சுட்டா, நான் போனாலும் எரியும்ல?"

ஜனகராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு ஓர் ஆணியை உருவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அது அவன் தொழில்.

"இது வெறும் இரும்பு. இதுல தெம்பு பத்தாது. ஜிங்க் பூசின ஆணி வேணும். இரு."

பைக் பெட்டியில் சாம்பிள் ஆணிகள் கிடந்தன. நான்கை எடுத்துவந்தான். அவை பழத்தில் ஏறின. மூன்று பழத்துக்குப் பல்பு கண்ணைத் திறப்பதுபோல ஒரு பொட்டுச் சிவப்புக் காட்டி மங்கியது.

"இன்னொரு பழம் இருந்தா போதும்பா."

வீட்டில் வேறு பழம் இல்லை. அவன் எழுந்துபோய் வாசல் நிலையில் தொங்கியதை நூலோடு அறுத்தான். சத்தத்தில் பத்மாசினி விழித்துக்கொண்டாள்.

"ஏய், அத ஏண்டா எடுக்குற? திருஷ்டிக்குக் கட்டுனதுடா! புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"வந்து பாருக்கா."

அவள் வந்தாள். பழத்திலிருந்து மிளகாயை அவன் உருவி எறிந்ததை, அதில் ஆணி இறக்கியதை, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தாள். இந்து கம்பியை முறுக்கினாள். எரியவில்லை. முனையை மாற்றி வைத்தாள். படியடி இருட்டில் மல்லி விதையளவு சிவப்பு நின்றது. மங்கல்தான். ஆனால் நின்றது.

"இதுல என்னமோ இருக்கு" என்றாள் பத்மாசினி. கிட்டே மட்டும் வரவில்லை.

"பையப் பிரிச்சிரு இந்து. நீ எங்கயும் போகல" என்றான் ஜனகராஜ்.

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஐந்து மணி பஸ்ஸுக்கு அவள் மட்டும் தன் பையைத் தூக்கிக்கொண்டாள். "நாளைக்கு ஏதாச்சும்னா என்னையக் கூப்பிடாத" என்றாள்.

அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து அவன் மாடி ஏறினான். பதினான்கு படிதான். பாதியில் ஒருமுறை நின்றான். மேலே கதவு திறந்திருந்தது. டீச்சர் அட்டைப்பெட்டிக்குள் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"டீச்சர், பாப்பா எரிய வச்சுட்டா. ஒங்களக் கூப்பிடுறா."

"எத்தன பழத்துக்கு எரிஞ்சது?"

"நாலு. ஆணிய மாத்தினோம். நான்… நாங்க வேற மாதிரி நெனச்சுட்டோம் டீச்சர்."

"தெரியும் சார். ஒங்க அக்கா முச்சந்தியில பழத்தப் போட்டத மேல இருந்து பாத்தேன்." டீச்சர் கையிலிருந்த தூசியைத் தட்டினார். "சொல்லிருக்கலாம். ஆனா வாக்குக் குடுத்தது பிள்ளைக்காச்சே."

டீச்சர் அவனைக் கடந்து படியிறங்கப் போனவர், திரும்பிப் பெட்டியைக் காட்டினார்.

"இத மறுபடி நீங்கதான் பிரிச்சு அலமாரியில அடுக்கணும். தலைகீழா அடுக்காம பாத்துக்கங்க."