பென்ஹா வரும்வரை

1.

இந்தக் கதையை நான் திருடினேன். அலெக்சாந்திரியாவில் ஓர் அரசு அலுவலக வரிசையில், எனக்கு முன்னால் நின்ற கிழவரிடமிருந்து. கல்லறைக்கு நிலம் கேட்டு நின்றார். எழுத்தர் சிரித்த முகத்தோடு சொன்னான்:

“ஹாஜியாரே, படிவத்துல இஸ்லாம், கிறிஸ்தவம், யூதம்னு மூணு மதந்தான் இருக்கு. ஒண்ணைத் தொட்டுக் காட்டுங்க, நாளைக்கே இடம்.”

“நான் பஹாய், தம்பி. ஹஜ்ஜுக்கும் போனதில்ல.”

“அப்ப எதுக்கு அவசரப்பட்டுச் சாகணும்? இன்னும் கொஞ்ச நாள் இருங்க.”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். கிழவரும் சிரித்தார், அதுதான் உறுத்தியது. இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2.

முதல் தொடக்கம்: ‘கடல் அன்று சாம்பல் நிறத்தில்—’ வேண்டாம். இந்த ஊரில் பேனா பிடித்த ஒவ்வொருவனும் கடலுக்கு வண்ணம் அடித்து முடித்துவிட்டான்.

இரண்டாவது: ‘அரசியல் சட்டப்படி நம்பிக்கைச் சுதந்திரம் முழுமையானது—’ உண்மைதான். ஆனால் பிணத்துக்குச் சுதந்திரம் போதாது, ஆறடி வேண்டும்.

மூன்றாவது: ருஹிய்யா கெய்ரோவிலிருந்து அப்பாவைக் கூட்டிப்போக வந்தாள். இது போதும்.

3.

அப்பாவின் பெயர் ஷவ்கி. வயது எண்பத்தொன்று, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். டாக்டர் இரண்டு வாரம் என்று சொல்லியிருந்தார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பஹாய் மதத்தவர் ஒருவர் இறந்தால், அவர்கள் மத விதிப்படி, இறந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்கு மேல் உடலைக் கொண்டுபோகக் கூடாது. அவர்களுக்கென்று எஞ்சியிருக்கும் கல்லறை நிலம் கெய்ரோவில். ரயிலில் இரண்டரை மணி நேரம். ஆகவே ஷவ்கி உயிரோடு கெய்ரோ போய்ச் சாகவேண்டும்.)

“ஒரு மணி நேரம்னா எதுல?” என்றார் ஷவ்கி. “கழுதையிலயா, ரயில்லயா? விமானத்துல போனா இங்கேயே செத்துக்கலாமே!”

“பொணத்துக்கு ஜன்னல் சீட்டு யாருப்பா தருவா?” என்றாள் ருஹிய்யா.

அப்போது கீழே காபிக்கடை வைத்திருக்கும் பய்யூமி மேலே வந்தான்.

“வாத்தியாரே, எங்க குடும்பக் கல்லறையில இடம் கெடக்கு. எங்க மாமியார் பக்கத்துல.”

“உசுரோட இருந்தப்பவே அந்தம்மா என்னைப் பேச விட்டதில்ல.”

“நீங்க முஸ்லிம்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதும்.”

“அந்த ஒரு வார்த்தைய எழுதாததுக்கு அஞ்சு வருஷம் அடையாள அட்டை இல்லாம திரிஞ்சேன். அப்புறந்தான் மதம்ங்கிற இடத்துல ஒரு கோடு போட்டுக் குடுத்தான். அந்தக் கோடு என்னுது பய்யூமி. விடமாட்டேன்.”

[பய்யூமியைக் கெட்டவனாக்கியிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் காபியோடு மாடியேறி வந்து நிற்கிறான்.]

4.

வாசலில் பய்யூமி ருஹிய்யாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “அவரு போனப்புறம் நீ எழுதிக் குடும்மா. அவருக்கா தெரியப்போகுது?”

அவள் மறுக்கவில்லை. (இங்கே அவளை வீரப்பெண்ணாக்கி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை, கிழித்துவிட்டேன்.) உள்ளே வந்து அப்பாவின் முன் உட்கார்ந்தாள்.

“நீங்க இங்கேயே போயிட்டீங்கன்னா நான் எழுதிக் குடுத்துருவேன்ப்பா. அலையறதுக்கு எனக்குத் தெம்பு கிடையாது.”

ஷவ்கி குனிந்து செருப்பைத் தேடினார்.

5.

தமன்ஹூர் நிலையம்.

“இப்ப சாகலாமா?”

“பேசாம வாங்கப்பா.”

தாந்தா நிலையம்.

“இங்க?”

“கெய்ரோவுக்கு இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. பென்ஹா வரட்டும். அங்கேருந்து கல்லறைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள போயிரலாம்.”

“அதுவரைக்கும் அல்வாவாவது வாங்கு. பாதியில போயிட்டா மிச்சத்தை நீ தின்னு.”

6.

முடிவு ஒன்று: ஷவ்கி கெய்ரோவில் மகள் வீட்டில் மூன்று வருஷம் உயிரோடு இருந்து, தினமும் அவள் சமையலைக் குறை சொல்கிறார்.

முடிவு இரண்டு: சட்டம் திருத்தப்படு— (எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு மூன்று: ரயில் வயல்களுக்கு நடுவே ஓடுகிறது. பென்ஹா இன்னும் வரவில்லை. ஷவ்கியின் தலை ஜன்னலில் சாய்ந்திருக்கிறது. மடியில் பாதி அல்வா. ருஹிய்யா அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்காதவரை அவர் பயணி. பார்த்துவிட்டால், இந்தப் பெயர் தெரியாத வயல்தான் அவர் இறந்த இடம்.

பரிசோதகர் வருகிறார். அவள் இரண்டு டிக்கெட்டையும் நீட்டுகிறாள்.

“பெரியவரோட அடையாள அட்டை? எழுப்புங்கம்மா.”

“தூங்கட்டும் சார். பென்ஹாவுல எழுப்பறேன்.”

“அதுக்குள்ள நான் அடுத்த பெட்டிக்குப் போயிருவேன்.”

அவர் கை ஷவ்கியின் தோளை நோக்கி நீள்கிறது. நான் தாந்தாவிலேயே இறங்கிவிட்டேன். எதிர் இருக்கையில் உட்கார்ந்திருப்பது நீங்கள். சீக்கிரம், பரிசோதகரிடம் ஏதாவது சொல்லுங்கள்.