மூணு கூட்டிக்கங்க

அம்மாவின் தாடையைக் கட்ட மகள் வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தபோது கட்டட மேலாளர் வந்து நின்றார். கையில் ஒரு காகிதம், சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று என்ற முன்யோசனை. எழவு வீட்டுக்கு வெறுங்கையோடு வரலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பேனாவோடு வந்த ஆளை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஒரு சின்னக் கையெழுத்து. அவசரமில்ல, நின்னு வாங்கிட்டே போயிடறேன்."

படுக்கையறைக்குள் சித்தி அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். அப்பா பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தைப் பிடித்திருந்தார். துணியைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு அவள் அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். அது வழக்கம்போல இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றது. இந்த உயரத்தில் கட்டடம் காற்றுக்கு ஆடத்தான் செய்யும், அதில் நிலைச்சட்டம் கோணிக்கொள்கிறது என்று அப்பா சொல்வார். மூன்று வருடமாகக் கதவைச் சீவ இழைப்புளியை எடுக்கிறேன் எடுக்கிறேன் என்றவர் எடுக்கவில்லை.

காகிதத்தில் நான்கே வரி. முப்பத்தெட்டாவது தளம், மூன்றாம் எண் வீட்டின் கதவு, தங்கள் குடும்பத்தினர் அளித்த தவறான தகவலின் பேரில் இன்று காலை உடைக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அவளுக்கு இது புதிய செய்தி இல்லை. துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களுக்கு இடம் ஒதுக்கும் வேலை அவளுக்கு. காலையில் பதினோரு மணிக்குத் தகவல் வந்து, போட்டது போட்டபடி ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆம்புலன்ஸ்காரர் நடைபாதையில் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"முப்பத்தெட்டுன்னு சொன்னாங்க மேடம். அங்க தட்டித் தட்டிப் பாத்தோம், சத்தமே இல்ல. ஃபோன் பண்ணா எடுக்கல. உள்ள விழுந்து கெடக்காங்கன்னு நெனச்சு கதவ ஒடச்சோம். துணி போத்துன சோபா மட்டுந்தான் இருந்துச்சு. மறுபடி கீழ போயி, செக்யூரிட்டிய இழுத்துட்டு, இங்க வந்து சேர்றதுக்குள்ள பதினேழு நிமிஷம்." கொஞ்சம் நிறுத்தி, "பதினேழு நிமிஷம் ரொம்ப அதிகம் மேடம்" என்றார்.

ஃபோன் சாப்பாட்டு மேசையில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அப்பா சமையலறைத் தரையில் அம்மாவின் மார்பை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் போன பிறகு அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏம்மா அவ்வளவு நேரமாச்சு? லிஃப்ட்டு நின்னுருச்சா?"

"ஆமாப்பா. பாதியில நின்னுருச்சாம்."

"அந்த மோட்டாரு சரியில்ல. நான் அப்பவே சொன்னேன்."

அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பல்லைக் கடித்தாள். கத்த வேண்டும் போல இருந்தது, அதுவும் அப்பாவைப் பார்த்துத்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஊரோடு ஒத்துப்போய் நாற்பத்தொன்று என்று சொல்லியிருந்தால் வாய் வெந்தா போயிருக்கும்?

ஆனால் அப்பா சொன்னது பொய்யில்லை. கடலைப் பார்த்த இந்தக் கட்டடம் எழும்பும்போது டவர் கிரேன் ஓட்டியவர் அவர். நாலு வருடம், கண்ணாடிக் கூண்டுக்குள், உப்புக் காற்றில். கீழே இருப்பவர்கள் வாக்கி டாக்கியில் மாடி எண்ணைச் சொல்வார்கள், இவர் அதையே இரண்டு முறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பாரத்தை இறக்குவார். எண் தப்பினால் இரும்புக் கட்டு யாராவது தலையில் இறங்கும். நாலு வருடத்தில் ஒரு தரம்கூட அவருக்கு எண் தப்பியதில்லை. மொத்தம் அறுபத்தொன்பது மாடி, ஒவ்வொன்றும் அவர் கைவழியாக மேலே போனது.

எதிர்ப்புறம் இன்னொரு கம்பெனி எழுபது மாடி கட்டியது. இந்தக் கட்டடத்துக்காரர்கள் என்ன செய்தார்கள்? உச்சியில் ஒன்றுக்கும் உதவாத இரும்புக் கம்பம் ஒன்றை நட்டார்கள். அதைத் தூக்கி வைத்ததும் அப்பாதான். அதுவும் போதாமல் நாலு, பதின்மூன்று, பதினாலு மூன்றையும் ராசியில்லாத எண்கள் என்று சொல்லி விட்டுவிட்டு எண்ணினார்கள். அறுபத்தொன்பது எழுபத்திரண்டாகிவிட்டது. நகரத்திலேயே மிக உயரமான கட்டடம் என்று வாசலில் பித்தளைப் பலகை வேறு. சிமெண்டு செலவில்லாமல் மூன்று மாடி கட்டிய கெட்டிக்காரர்கள் உலகத்தில் இவர்களாகத்தான் இருக்கும்.

லிஃப்ட்டில் ஏறும்போதெல்லாம் எண் பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குத் தாவும். அந்த இடத்தில் அப்பா தவறாமல் "திருட்டுப் பசங்க" என்பார். பக்கத்தில் கோட்டுப் போட்டவர்கள் நின்றாலும் சொல்வார். யார் கேட்டாலும் "எங்க வீடு முப்பத்தெட்டாவது மாடி" என்பார். பார்சல்காரன் கேட்டாலும் முப்பத்தெட்டு, குழாய் ரிப்பேர்காரன் கேட்டாலும் முப்பத்தெட்டு. அவர் ஃபோனை வைத்ததும் அம்மா அதே எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடுவாள். "தம்பி, இப்ப பேசுனவரு சொன்னதுல மூணு கூட்டிக்கங்க." சொல்லிவிட்டு மகளைப் பார்த்துக் கண்ணடிப்பாள். "உங்கப்பாவுக்கு நான் முப்பத்தெட்டுல பொண்டாட்டி, ஊருக்கு நாப்பத்தொண்ணுல குடித்தனக்காரி. ரெண்டு வீடு யாருக்குடி வாய்க்கும்?"

இன்று காலையும் அப்பா முப்பத்தெட்டு என்றுதான் சொல்லியிருக்கிறார். திருப்பிக் கூப்பிட ஆள் இல்லை.

"மேடம்?" என்றார் மேலாளர். பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"எங்கம்மா இன்னும் வீட்ட விட்டுப் போகல. உங்களுக்குக் கதவு முக்கியமாப் போச்சு."

"அந்த வீட்டு ஓனர் வெளிநாட்டுல இருக்காங்க மேடம். அவங்களுக்கு இன்னைக்கே பதில் சொல்லணும், புரிஞ்சுக்கங்க."

"அந்த வீட்ல கடைசியா எப்ப விளக்கு எரிஞ்சுது, சொல்லுங்க பாப்போம்."

மேலாளர் பேனாவால் காகிதத்தைத் தட்டினார். "தகவல் தப்புதானே மேடம்? அத மட்டும்தான் எழுதியிருக்கேன்" என்றார்.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் என்ன என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. குரல் உயராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

"எது தப்பு? எங்கப்பா எண்ணி எண்ணிக் கட்டுனாரு. இது முப்பத்தெட்டுதான். கீழ போயி ஒண்ணொண்ணா எண்ணிட்டு வாங்க, நாலு எங்க இருக்கு, பதிமூணு எங்க இருக்குன்னு காட்டுங்க. எதிர்க் கட்டடத்த ஜெயிக்கணும்னு இல்லாத மாடிய வித்தது நீங்க. பொய் சொன்னவன் பலகை மாட்டிக்குவான், உண்மையச் சொன்னவரு தப்புன்னு கையெழுத்துப் போடணுமா? அவரு முப்பத்தெட்டுன்னு சொன்னதாலதான் அந்த ஆம்புலன்ஸ்..."

பேச்சை நிறுத்தினாள்.

கதவின் இரண்டு விரல் இடைவெளியில் அப்பாவின் சட்டை தெரிந்தது. கதவு திறந்தது. அவர் மேலாளரைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனார். தம்ளரில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. குடித்தார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். திரும்பி உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தார்.

மேலாளர் காகிதத்தை மேசையில் வைத்து மேலே ஒரு பேனாவையும் வைத்தார். "அப்புறமா வாங்கிக்கறேன்" என்று முணுமுணுத்தவர், வாசலில் திரும்பி நின்றார். "கீழ கொண்டு போறப்ப சாமான் லிஃப்ட்டுல கொண்டு போயிருங்க மேடம். மெயின் லிஃப்ட்டுன்னா மத்தவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

"மெயின் லிஃப்ட்டுலதான் போவா" என்றாள் அவள். "யாரு தடுக்கறாங்கன்னு நானும் பாக்கறேன்."

சித்தி வெளியே வந்து அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். "இப்ப எதுக்குடி கத்துன? மாமா மூஞ்சி போற போக்கப் பாத்தியா? அக்காவுக்கு நாற்காலில ஏறுனாலே தலை சுத்தும். அவளக் கொண்டாந்து இந்த ஆகாசத்துல வச்ச. இப்ப கத்தி என்ன ஆகப்போகுது?"

அப்பா கட்டிய கட்டடத்தில் அப்பா இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அவள்தான். அம்மா மாட்டேன் என்றுதான் சொன்னாள். சன்னலோரம் போகாமல், சுவரைப் பிடித்துக்கொண்டே மூன்று வருடம் இருந்தாள். யார்மீது கோபப்படுவது என்று வரிசை போட்டால் அவள் பெயரும் முதலில்தான் வரும். அது தெரிந்தபோது கோபம் இன்னும் கூடியது.

அவர் முழுதாகக் கேட்டாரா, எதுவரை கேட்டார் என்று தெரியவில்லை. கேட்கவும் முடியாது. அவள் உள்ளே போனாள். சித்தி பிடித்துக்கொள்ள, துணியை அம்மாவின் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சியில் முடிச்சுப் போட்டாள். முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவது முடிச்சில் விரல் மாட்டியிருந்தபோது ஃபோன் அடித்தது. அமரர் வண்டிக்காரராகத்தான் இருக்கும், மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஃபோன் கட்டில் ஓரத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"நான் எடுக்கறேம்ப்பா" என்றாள். அதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

"ஆமா, இந்த வீடுதான்."

அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் முடிச்சை விடாமல் அவரையே பார்த்தாள். அப்பாவின் உதடு ஒரு முறை திறந்து மூடியது.

"நாப்பத்தொண்ணு" என்றார். பிறகு, கிரேன் கூண்டில் சொல்வதுபோலவே, இரண்டாவது முறையும் சொன்னார். "நாப்பத்தொண்ணு. மூணாவது வீடு. நான் லிஃப்ட் வாசல்ல நிக்கறேன்."

ஃபோனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனார். சித்தி அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள்.

முடிச்சுப் போட்டு முடித்து அவள் பின்னாலேயே போனபோது, அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு லிஃப்ட்டுக்கு முன்னால் நின்றிருந்தார். கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் மாறிக்கொண்டிருந்தன. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதினைந்து. அப்பா அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.